கப்பல் வேலைக்குப் போன கதை

கேட்டதைக் கொடுத்த புண்ணியவான் என்று இதுவரை ஒருவர்கூடப் பகல் வீட்டு வாசலை மிதித்ததில்லை. கூரை ஒழுகுகிறது என்று எழுதினால் தையல் மெஷின் வந்து இறங்கும். சமையல்காரம்மாவுக்குச் சம்பளம் வேண்டும் என்று எழுதினால் கம்ப்யூட்டர் வரும். கூடவே அதைத் திறந்துவைக்க நாலு பேரும், அந்த நாலு பேரைப் படம் பிடிக்க ஒருவரும் வருவார்கள். ஒரு தடவை குளிக்க வெந்நீர் போட வசதி கேட்டதற்குக் காளான் வளர்க்கிற பைகள் வந்தன. காளான் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை, அந்த அறையில் வாடை மட்டும் இன்றைக்கும் இருக்கிறது. தையல் மெஷின்கள் உறை போட்டபடி வரிசையாக நிற்கின்றன. மழை பெய்தால் கூரை ஒழுகி அந்த உறைமேல்தான் சொட்டும்.

பகல் வீடு என்றால் தனிக் கட்டடம் ஒன்றும் இல்லை. அக்காவும் அவள் புருஷன் வெல்டரும் குடியிருக்கிற வீட்டின் முன்பக்கம்தான். பின்னால் ஒரு அறையும் அடுப்படியும் அவர்களுக்கு. முன்னால் இருக்கிற கூடமும் இரண்டு அறைகளும் வருகிறவர்களுக்கு. வருகிறவர்கள் எல்லாரும் வளர்ந்த ஆட்கள், மீசை வைத்தவர்கள், தலை நரைக்கத் தொடங்கியவர்கள். உடம்பு வளர்ந்த வேகத்துக்குப் புத்தி வளராமல் பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். அவர்களைப் பெற்றவர்கள் கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள். காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பொழுது சாயும்போது வந்து அழைத்துப் போவார்கள்.

அக்கா எல்லாருக்கும் அக்கா. தன்னைவிட மூத்தவர்களுக்கும் அக்கா, பால்காரருக்கும் அக்கா. வெல்டருக்கே கோபம் வந்தால், “எல்லாத்தையும் அக்காகிட்ட கேட்டுக்குங்க, நான் யாரு?” என்பார். அவள் பெற்ற ஒருவன் மட்டும்தான் அவளை அம்மா என்று கூப்பிடுவான். அவனுக்காகத் தொடங்கியதுதான் இந்த வீடு. இவனோடு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று ஆரம்பித்தது, இன்றைக்குக் கூடம் கொள்ளாமல் போய்விட்டது.

அவனுக்குக் கப்பல் என்று பெயர் வைத்தது அவன் அப்பாதான். நடக்கும்போது உடம்பு இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு சாயும். கிளம்பவும் நேரமாகும், திரும்பவும் நேரமாகும். முப்பதை நெருங்குகிறான். மத்தியானம் எல்லாருக்கும் தட்டு வைப்பது அவன் வேலை. வேறு யாராவது வைத்துவிட்டால் ஒவ்வொன்றாக எடுத்து, அடுக்கி, திரும்ப முதலில் இருந்து வைப்பான். அவன் வைத்து முடிக்கிறவரை ஒருவரும் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்கள்.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் நடக்காதது போலத்தான் தெரியும். நனைத்துக்கொண்டவர்களுக்கு உடுப்பு மாற்ற வேண்டும். நகம் வெட்ட வேண்டும், வெட்டுகிற நாளில் பாதிப் பேர் தெருவே கேட்கிற மாதிரி அலறுவார்கள். மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தால் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புகிற சாமர்த்தியசாலிகளும் உண்டு. சோறு ஊட்ட வேண்டும், கூடத்தைக் கழுவ வேண்டும், கழுவிய ஈரம் காய்வதற்குள் யாராவது மறுபடியும் கழுவ வைப்பார்கள். நாளைக்கும் இதே வேலைதான். இதில் எதைக் காட்டி முன்னேற்றம் என்று சொல்வது?

அந்தக் கவலை அக்காவின் தம்பிக்கு. ஒரு கம்பெனியில் கடிதம் எழுதியே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். நிதி கொடுக்கிற டிரஸ்டுகளுக்கெல்லாம் இவர்தான் ப்ரபோசல் எழுதுவார். வாயைத் திறந்தால் ப்ரபோசல் என்பதால் வெல்டர் அவரைக் கூப்பிடுவதே அப்படித்தான். போன வருஷம் ஒரு டிரஸ்டு கொஞ்சம் நிதி கொடுத்து, வருஷக் கடைசியில் ரிப்போர்ட் கேட்டிருந்தது. ப்ரபோசல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“அக்கா, இதுல ஒரு எடக்கான கேள்வி இருக்கு. உங்க இடத்துல இருந்து முன்னேறி வெளியே வேலைக்குப் போனவங்க யாருன்னு கேக்கறாங்க.”

“யாரும் போகலைன்னு எழுது.”

“எழுதலாம். எழுதிட்டு நம்மளும் கடையைக் கட்டலாம்.”

“இது என்னடா கூத்து? இவங்க என்ன பரிட்சை எழுதி பாஸாகிப் போறவங்களா? சாகற வரைக்கும் இப்படித்தான் இருப்பாங்க. அதுக்குத்தானே இந்த வீடு?”

“எனக்குத் தெரியுதுக்கா. குடுக்கறவங்களுக்கு அது புரியாது. குடுத்த காசு எங்கேயாவது போய்ச் சேந்துச்சுன்னு அவங்களுக்குக் காட்டணும். ஒருத்தரையாவது வெளியே அனுப்பு. பேப்பர்லதானே? எந்நேரமும் பாடிக்கிட்டே இருக்கானே, அந்தப் பாட்டுக்காரனை எழுதிரவா? ஏதாவது ஒரு கடையில வேலைன்னு.”

அக்காவுக்கு முகமே மாறிவிட்டது. “அவங்கம்மா நாளைக்கு வந்து, எம்புள்ள எந்தக் கடையிலக்கா வேலை பாக்கறான்னு கேட்டா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? ஊரான் பெத்த புள்ள மேல பொய் எழுதக் கூடாதுடா.”

“அப்ப யாரைத்தான் எழுதறது?”

அக்கா கூடத்தைப் பார்த்தாள். கப்பல் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“நம்ம புள்ளைய எழுது. வெல்டிங் பட்டறையில வேலைன்னு எழுது. அப்பா பட்டறைன்னு போடாத, ஒரு பட்டறைன்னு போடு. எம்புள்ளைன்னும் போட வேணாம். நம்ம புள்ள மேல எழுதினா நம்மளோட போகும்.”

பொய்யே சொல்லிப் பழகாதவர்கள் பொய் சொல்லத் துணிந்தால் இந்த லட்சணத்தில்தான் சொல்வார்கள். ஊரார் பிள்ளைக்கு வரக் கூடாத வம்பைத் தேடிப்பிடித்துத் தன் பிள்ளை தலையில் கட்டினாள். விஷயம் வெல்டர் காதுக்கு வந்தபோது அவர், “எங்கிட்ட ஒரு ஆளு வேலைக்குச் சேந்திருக்கான், அது எனக்கே கடைசியாத்தான் தெரியுது” என்றார். பேப்பரில் ஓர் இடம் காலியானதால் அதில் இஸ்திரிக்காரம்மாவின் மகளைச் சேர்த்தார்கள். அந்தம்மா எத்தனையோ மாதமாக வந்து வந்து கேட்டுப் போனவள். கப்பல் வழக்கம்போலத் தட்டு வைத்துக்கொண்டிருந்தான். அதோடு அது மறந்தும் போனது.

இந்த வருஷம் நிதி கேட்டு எழுதியதற்கு அதே டிரஸ்டிலிருந்து பதில் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சம்பளத்துக்கும் கூரைக்கும் கொடுக்கிறேன் என்கிறார். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, மூன்று வருஷத்துக்கு. அதற்கு முன்னால் அவர்களுடைய மேடம் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். வீட்டைப் பார்ப்பார், அப்படியே பட்டறைக்குப் போய் வேலைக்குச் சேர்ந்தவரையும் பார்ப்பார்.

ப்ரபோசல் இதைப் படித்துக் காட்டியபோது சமையல்காரம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சம்பளம் கொடுத்து மாதங்கள் ஆகியிருந்தன. இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தாள். “கோவிச்சுக்காதீங்கக்கா, எங்க வீட்டு அடுப்பும் எரியணும்ல” என்றாள். கோபிக்க அக்காவுக்கு என்ன உரிமை இருக்கிறது? சமையல்காரம்மா போனால் சமையலையும் ஆட்களையும் அக்கா ஒருத்தியே பார்க்க முடியாது. பகல் வீட்டை மூட வேண்டியதுதான்.

“மேடம் வர்றதுக்குள்ள இவனைப் பட்டறைக்குப் பழக்குங்க” என்றாள் அக்கா.

வெல்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். “அவனுக்குச் சத்தம் ஆகாதே.”

“ஒரு நாளைக்குத்தானே?”

“ஒரு நாளைக்குத்தான். நீயும் ப்ரபோசலும் சேந்து எங்கிட்ட ஒரு ஆளைச் சேத்தீங்க. சம்பளம் நான் குடுக்கணுமா, நீ குடுக்கறியா?”

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெல்டருக்கும் வரவில்லை. எழுந்து கை கழுவப் போனார்.

பட்டறை தெருக்கோடியில் இருந்தது. தகரக் கூரை, வெயில் ஏறினால் உள்ளே நிற்க முடியாது. கிரில் கேட், ஜன்னல் கம்பி, உடைந்த நாற்காலிக் கால் என்று எந்நேரமும் இரும்பு குவிந்து கிடக்கும். அறுக்கிற மெஷின் போட்டால் பல் கூசும். முதல் நாள் கப்பல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டான். அடுத்த நாள் வெல்டர் அறுக்கிற வேலையை ஒத்திவைத்துவிட்டு, ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு அவனை உட்கார வைத்தார். கலந்து கிடந்த வாஷர்களில் பெரியதை ஒரு டப்பாவிலும் சிறியதை இன்னொன்றிலும் போடச் சொன்னார். கப்பல் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு, மூடி, அப்பாவிடம் நீட்டினான். “சரிதான், முடிஞ்சுது வேலை” என்றார் வெல்டர். சோற்று நேரம் வந்ததும் கப்பல் பாட்டுக்கு எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தான்.

மேடம் வந்த அன்று காலையிலிருந்தே தூறல். காரில் வருவார் என்று எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பஸ்ஸில் வந்து, வழி கேட்டு, நனைந்துகொண்டே நடந்து வந்தார். சின்ன வயசுதான். செருப்பு கடித்துக் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. காலையில் வேறு ஓர் ஊரில் ஓர் இடம் பார்த்துவிட்டு வருகிறாராம், இங்கே முடித்து இன்னோர் இடம் போக வேண்டுமாம். அவரைப் பார்த்ததும் அக்காவுக்குப் பயம் போய்ப் பாவமாக இருந்தது.

மேடம் நல்ல மாதிரி. தையல் மெஷின்களைப் பார்த்துவிட்டு, “இதை யாரு கேட்டாங்க?” என்றார்.

“யாரும் கேக்கலைங்க. குடுத்தாங்க.”

மேடம் சிரித்துவிட்டார். “எல்லா இடத்துலயும் இதேதான்கா. நான் பாக்கற எல்லா ஊர்லயும் நாலு மெஷின் உறை போட்டு நிக்குது. சம்பளத்துக்குக் குடுங்கன்னு மேல இருக்கறவங்ககிட்ட சண்டை போட்டு இந்தத் தடவைதான் சம்மதிக்க வெச்சிருக்கேன். அதான் நேர்ல வந்தேன். நான் நல்லதா எழுதினாத்தான் அடுத்தடுத்த இடத்துக்கும் கேக்க முடியும்.”

கெட்டவர்களிடம் பொய் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அக்காவுக்கு இருந்தது.

கப்பல் பட்டறையில் இருந்ததால் சோற்று நேரத்துக்குச் சமையல்காரம்மாதான் தட்டு வைத்தாள். ஒருவரும் சாப்பிடவில்லை. சோறும் பருப்பும் ஆறிக்கொண்டிருக்க எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்காரன் பாட்டையும் நிறுத்திவிட்டான். “புது ஆளைப் பாத்துக் கூச்சப்படறாங்க” என்று ப்ரபோசல் சமாளித்தார். மேடம் அவர்களோடு தரையில் உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்த பிறகு, ஒவ்வொருவராக அரைமனசோடு கை வைத்தார்கள்.

பிறகு பட்டறைக்குப் போனார்கள். வெல்டர் புதுச் சட்டை போட்டிருந்தார், பட்டறையில் அது அவருக்கே உறுத்தியது. கப்பல் டின்மேல் உட்கார்ந்து, மடியில் வாஷர் டப்பாவோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஒரு நீலச் சட்டை மாட்டியிருந்தார்கள். பிரமாதமாகத்தான் இருந்தான்.

“இவர்தானா? வேலை எல்லாம் எப்படிப் பண்றார்?” என்று மேடம் கேட்டார்.

“நல்லா... நல்லாத்தான் பண்றாருங்க” என்றார் வெல்டர். மகனை அவர், இவர் என்று சொல்லிப் பழக்கமில்லாததால் நாக்கு குழறியது. “கொடுத்த வேலையைச் செய்வாருங்க. ஒரு தொந்தரவும் கிடையாது.”

“இவங்களை வேலைக்கு வைக்க யாரும் முன்வர மாட்டாங்க. உங்களுக்குப் பெரிய மனசுங்க.”

வெல்டர் தரையைப் பார்த்தார். அதற்குள் கப்பல் அக்காவைப் பார்த்துவிட்டான். டப்பா மடியிலிருந்து விழுந்து வாஷர்கள் நாலாபக்கமும் உருண்டன. எழுந்து, ஆடி ஆடி வந்து, அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

“அம்மா. தட்டு.”

“இருப்பா” என்றாள் அக்கா, மெதுவாக.

“தட்டு வெக்கணும். அம்மா, வா.”

மேடம் இரண்டு பேரையும் பார்த்தார். “அங்கே எல்லாரும் உங்களை அக்கான்னு கூப்பிடறாங்க. இவர் மட்டும் அம்மாங்கறார்?”

ப்ரபோசலுக்கு எழுதத்தான் வருமே தவிர நின்ற நிலையில் ஒரு பொய் சொல்ல வராது. வெல்டர் குனிந்து வாஷர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். எல்லாம் அக்கா தலையில் விடிந்தது. இப்போது சொல்லிவிடலாம், இவன் என் பிள்ளை, இவனுக்கு வேலை தெரியாது, இந்தச் சட்டையை நேற்றுத்தான் வாங்கினோம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காலையில் ஈரத் தலையோடு மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேலைக்கு ஓடிய இஸ்திரிக்காரம்மா ஞாபகத்துக்கு வந்தாள்.

“அந்தப் பையன் சின்னதுல இருந்து எங்ககிட்டதாங்க இருந்தான்” என்றாள் அக்கா. “பழக்கத்துல கூப்பிடறான்.”

அந்தப் பையன் என்று சொன்ன வாயில் மண்ணைப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கப்பல் தோளில் தட்டிக் கொடுத்தார். படம் எடுத்துக்கொண்டார். கப்பல் படத்துக்கு நிற்காமல் வாசலைப் பார்த்தே நின்றான்.

தெருமுனைவரை வழியனுப்பப் போன அக்காவிடம் மேடம், “கட்டாயம் வந்துரும்கா, நான் பேசிட்டேன்னு வெச்சுக்குங்க” என்றார். பஸ் வரும்போது ஏதோ நினைத்துக்கொண்டவர்போல, “ஒண்ணே ஒண்ணு. சில இடத்துல வெளியே போயிட்டாங்கன்னு கணக்கு காட்டிட்டு, ஆளைத் திரும்பக் கொண்டுவந்து உக்கார வெச்சுட்டாங்க. அதனால எங்க ஆளுங்க அப்பப்ப சொல்லாம வந்து பாப்பாங்க. உங்க மேல சந்தேகம் எல்லாம் இல்லக்கா, எல்லா இடத்துக்கும் அப்படித்தான்” என்றார்.

நிதி வந்தது. சமையல்காரம்மாவுக்குப் பாக்கி எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள், அவள் நின்றுகொள்கிற பேச்சையே எடுக்கவில்லை. கூரை வேய்ந்தாயிற்று. முதல் மழையில் ஒரு சொட்டு விழவில்லை என்பதை எல்லாரும் அண்ணாந்து பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். எத்தனையோ வருஷம் எழுதி எழுதிக் கை ஓய்ந்ததற்கு இந்த ஒரு தடவைதான் கேட்டது கேட்டபடி கிடைத்திருக்கிறது. ப்ரபோசல் அந்தச் சந்தோஷத்தில் ஒரு வாரம் எல்லாரிடமும் அதையே பேசினார்.

கப்பல் நிஜமாகவே பட்டறைக்குப் போக வேண்டியதாயிற்று. போன சில நாளிலேயே, அப்போதுதான் பற்றவைத்து ஆறாமல் கிடந்த கம்பியைக் கையால் பிடித்துவிட்டான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வெல்டர் அவனைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“இனி என்னால ஆகாது” என்றார். “முகமூடிய மாட்டிட்டா எனக்கு நெருப்பு மட்டும்தான் தெரியும். இவன் எங்க நிக்கறான், எதைத் தொடறான்னு எப்படிப் பாக்கறது?”

அக்கா கையில் மருந்து போட்டுக்கொண்டே தம்பியிடம், “உண்மையை எழுதிரு. எம்புள்ளைன்னு எழுதிரு” என்றாள்.

“எழுதிரலாம்கா. பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க. அதுல பாதி கூரையில இருக்கு, மீதி சமையக்காரம்மா வயித்துல இருக்கு. பொய் ரிப்போர்ட் குடுத்த இடம்னு தெரிஞ்சா வேற எந்த டிரஸ்டும் நம்ம பக்கம் திரும்பாது. அந்த மேடம் பேரும் கெடும். இத்தனை பேரும் எங்க போவாங்க? நீயே சொல்லு, எழுதிடறேன்.”

அவர் மிரட்டிச் சொல்லவில்லை. களைத்துப் போய்த்தான் சொன்னார். அக்கா யோசித்துப் பார்த்தாள். கப்பலை முன்பக்கம் உட்கார வைத்து, யாராவது வந்தால் மறைக்கலாமா? சொல்லாமல் வருகிறவர்களை எப்படி முன்கூட்டித் தெரிந்துகொள்வது? வெளியே பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாமா? இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்ள வேறு எங்கே இடம் இருக்கிறது? இல்லாததால்தானே இந்த வீட்டையே தொடங்கினாள்.

“எழுத வேணாம். பட்டறையில வந்து கேட்டா லீவுன்னு சொல்லிக்கலாம், விடு” என்றாள் கடைசியில்.

மறுநாள் காலையில் கப்பலைக் குளிப்பாட்டித் தலை சீவிவிட்டாள். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி அவன் முன்பக்கத்துக்குப் போகிற கதவருகே வந்து நின்றான். அவள் அவனைப் பின்னறைக் கட்டிலில் உட்கார வைத்தாள். பக்கத்தில் ரொட்டியும் தண்ணீரும் வைத்தாள். “அம்மா இப்ப வந்துருவேன், இங்கேயே இரு” என்றாள். அவன் சரி என்று தலையை ஆட்டினான். அம்மா சொன்னால் அவனுக்குச் சரிதான். அவள் முன்பக்கம் வந்து, கதவைச் சாத்தி, இந்தப் பக்கத்திலிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள். மரம் பழசு, தாழ்ப்பாள் உள்ளே போக மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது.

திரும்பினால் இஸ்திரிக்காரம்மா மகளோடு நிற்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு என்னவோ வேலைக்கு ஓடாமல் நின்று பேசினாள்.

“நீங்க நல்லா இருக்கணும்கா. முன்னெல்லாம் இவளை உள்ள வெச்சுப் பூட்டிட்டுத்தான் போவேன். கதவைத் தட்டிக்கிட்டே இருப்பா, தெரு திரும்பற வரைக்கும் அந்தச் சத்தம் காதுல கேக்கும். பெத்தவ செய்யற காரியமா அது? உங்களாலதான் இன்னைக்கு நான் மனுஷியா இருக்கேன்.”

அக்காவின் காது முழுக்கக் கதவுக்குப் பின்னால் இருந்தது. முதலில் அங்கே ஒரு சத்தமும் இல்லை. பிறகு கட்டில் கிறீச்சிட்டது, ஆடி ஆடி நடந்து வருகிற காலடி கேட்டது, கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. அவன் தட்டவில்லை. அவனுக்குக் கதவைத் தட்டத் தெரியாது. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் எந்தக் கதவையும் அவனுக்கு யாரும் சாத்தியதில்லை.

“வாம்மா” என்று இஸ்திரிக்காரம்மாவின் மகளைக் கைபிடித்துக் கூடத்துக்கு அழைத்துப் போனாள் அக்கா.